இறந்தவர் பெயரில் ஓர் இணைப்பு

12-04-2016 — 318
11-06-2016 — 318
14-10-2016 — 651
13-12-2016 — 326
15-04-2017 — 664
13-06-2017 — 331
12-08-2017 — 331
14-12-2017 — 672
13-02-2018 — 340
14-04-2018 — 340
12-06-2018 — 340
13-08-2018 — 346

இவை ஒரு வீட்டுக்குத் தபாலில் வந்த தண்ணீர் பில்களின் தேதியும் தொகையும். பன்னிரண்டிலும் ஒரே பெயர்தான் அச்சாகியிருந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் ஓர் உதிரிபாகக் கடையில் விற்பனையாளராக இருந்தார். 09-02-2016 அன்று காலை வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்துக்கு வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. பட்டியலின் முதல் பில் வந்தபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பட்டியலை நிதானமாகப் பார்த்தால் மூன்று இடத்தில் ஒரு பில் விட்டுப் போயிருப்பதும், அடுத்து வந்த பில்லில் தொகை இரண்டு பங்காக ஏறியிருப்பதும் தெரியும். அந்த மூன்று இடைவெளிகளையும் உண்டாக்கியவள் இறந்தவரின் மனைவி. பில் அனுப்பிய குடிநீர் அலுவலகத்திலேயே திருத்தப் பிரிவில் அவளுக்கு வேலை. திருத்தப் பிரிவில் இருக்கிற அக்கா என்பது வாய்ச் சோம்பலில் சுருங்கி, அலுவலகம் முழுக்க அவளைத் திருத்தக்கா என்றுதான் கூப்பிட்டது. தலைமைப் பொறியாளர்கூட ஒரு தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, தவறியது தவறியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். குழந்தை இல்லை. மாமியார் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் மேசையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் கிடைக்காமல் திரும்பி வரும் உறைகளில் காரணம் எழுதுவதும் அவர் வேலையாக இருந்தது. வீடு பூட்டியிருக்கிறது. இந்த முகவரியில் இல்லை. பெறுநர் காலமானார். இந்த மூன்றையும் அவர் எழுதுகிற எழுத்து அச்சை வைத்து எடுத்த மாதிரி இருக்கும் என்று பழைய சகாக்கள் சொல்வார்கள்.

மகன் போன பிறகு அவருக்கு ஞாபகம் அங்கங்கே உதிரத் தொடங்கியது. அடுப்பை அணைத்தோமா என்பது போகும்; நாற்பது வருடம் முன்னால் உடன் வேலை பார்த்தவரின் வீட்டு எண் நிற்கும். முதல் இரண்டு பில்களையும் பேசாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். மூன்றாவது பில் வந்த அன்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா அலுவலகத்துக்கு போன் செய்தாள்.

"அக்கா, பதறாதீங்க. உங்க மாமியார் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க. என்னையே 'நீ யாரும்மா, எந்த வீடு'ன்னு கேக்குறாங்க. அவங்க ரவிக்கையைத் தைக்கிறவளே நான்தான்."

திருத்தக்கா ஆட்டோ பிடித்து வந்தாள். மாமியார் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பில் உறை.

"அத்தை, இங்க என்ன பண்றீங்க?"

"அவன் வருவான்ல. ஆறு மணி பஸ்ல."

"அத்தை..."

"லெட்டர் வந்திருக்கு பாரு, அவன் பேருக்கு."

"அது தண்ணி பில்லு அத்தை."

"என்னவா இருந்தா என்ன? ஆள் இல்லாத வீட்ல கடிதாசி நிக்காது. திரும்பிப் போயிடும். இது நின்னிருக்கு. நீ ஆபீஸ்ல என்னத்தைத்தான் கத்துக்கிட்டியோ போ."

வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள். "அத்தை, அவர் போயிட்டார். பிப்ரவரியிலேயே போயிட்டார்."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் உடைந்தது. முதல் நாள் எப்படி அழுதாரோ அதே மாதிரி, அதே வார்த்தைகளோடு, ஒன்று கூடாமல் குறையாமல் அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் இப்போதுதான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பெஞ்சில் மகன் இரண்டாவது முறையாக இறந்தார்.

அடுத்த பில்லுக்கும் அப்படித்தான். இடைப்பட்ட நாட்களில் மாமியார் மகனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். அடி மனதில் ஏதோ தெரிந்துதான் இருந்தது. உறையில் பெயரைப் பார்த்ததும் அது அழிந்துவிடும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தடுத்துப் பார்க்கத் திருத்தக்கா எல்லாம் செய்தாள். தபால்காரரிடம் சொன்னாள், அவர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார். கேட்டில் பூட்டுப் பெட்டி வைத்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு மாமியார் கேட்டிலேயே நின்றார். முப்பத்தோரு வருடப் பழக்கம், அந்த நேரம் மட்டும் அவருக்குப் பிசகாது.

பெயரை மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். சான்றுக்குத் தாயின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய தாளின் முதல் வரியில் 'காலஞ்சென்ற என் மகன்' என்று இருந்தது. மாமியார் அந்த வரி வரைக்கும் படித்து, பேனாவை மூடி, தாளை மருமகள் பக்கம் தள்ளினார்.

"என் பையனைப் பத்தி என்ன கண்டபடி எழுதி வெச்சிருக்க?"

அதற்கு மேல் அவள் அந்தத் தாளை நீட்டவில்லை. அவள் கையில் இருந்தது ஒன்றுதான். திருத்தப் பிரிவின் திரையில், பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று குறிக்க அவளுக்கு அனுமதி உண்டு. குறித்தால் அந்தப் பெயரில் பில் அச்சாகாது. 2016 ஜூலையிலேயே ஒருமுறை குறித்திருந்தாள். அக்டோபரில் பார்த்தால் குறி இல்லை. பெயர் பழையபடி நின்றது. 2017 ஜனவரியில் மறுபடி குறித்தாள். ஏப்ரலில் பெயர் எழுந்து நின்றது.

கணினிப் பிரிவுக்காரன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கணக்குக்குப் பேய் புடிச்சிருக்குக்கா" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் திரையைத் திறந்ததும் அந்தப் பெயர், முதலெழுத்தோடு, முழுசாக, எதுவுமே நடக்காத மாதிரி நிற்கும்போது, ஒரே ஒரு நொடி அவள் நெஞ்சு துள்ளும். வந்துவிட்டாயா என்று. பிறகுதான் வேலை ஞாபகம் வரும். 2017 செப்டம்பரில் மூன்றாவது முறை குறிக்கப் போனபோது விரல் விசை மேலேயே நின்றது. அழுத்தினால் நான் கொன்ற மாதிரி, அழுத்தாவிட்டால் அத்தை பெஞ்சுக்குப் போவார். அழுத்தினாள். டிசம்பரில் பெயர் வந்துவிட்டது. நாலாவது முறை அவள் குறிக்கவில்லை.

இதற்கிடையில் அலுவலகத்தில், கணக்கிலுள்ள தகவல்களை ஒழுங்குபடுத்தும் 'தரவு ஆளுகை' என்று ஒரு காற்று அடித்தது. அலுவலகத்தின் கணக்குகள் கேலிக்கூத்தாக இருந்தது உண்மை. எல்லா இணைப்புக்கும் போன் எண் கட்டாயம் என்று ஒரு காலத்தில் உத்தரவு வந்தது. போன் எண் தராதவர்களின் கட்டத்தைக் காலியாக விட்டால் திரை நகராது. கவுண்டரில் இருந்தவர்கள் யோசித்துப் பார்த்து, கேன்டீன் டீ மாஸ்டரின் எண்ணைப் போட்டார்கள். 'நாளை உங்கள் பகுதியில் தண்ணீர் வராது' என்ற குறுஞ்செய்தி ஒரே நாளில் அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அன்று அவர் டீ போடாமல் குடத்தோடு குழாயடியில் நின்றார்.

இதையெல்லாம் சரி செய்யக் குழு அமைத்தார்கள். வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். புதிய மென்பொருள் வாங்கினார்கள். மொத்தமான விதிப் புத்தகம் ஒன்று மேசைக்கு மேசை வந்து சேர்ந்தது; பலர் அதை மானிட்டருக்கு முட்டுக் கொடுத்தார்கள். 'சரியான தரவு, சரியான சேவை' என்று சுவரில் ஒட்டினார்கள். "ஆளுகை ஆளுகைன்றாங்களே, யாரை யாரு ஆளப் போறாங்க?" என்று டீ மாஸ்டர் கேட்டார். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பிழைகள் கூடியிருந்தன. புதிய மென்பொருளில் கட்டாயக் கட்டங்கள் முன்னைவிட அதிகம்.

தலைமைப் பொறியாளர் புதிதாக வந்த பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர் என்றாலும் விஷயத்தைத் தேடுவதில் கெட்டி. 2018 ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் ஆலோசகரிடம், "இத்தனை செலவு பண்ணியும் ஏன் இப்படி?" என்று நேராகக் கேட்டார். ஆலோசகர், "நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இப்பக் கேக்குறேன். பெயர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

பில் பிரிவு சொன்னது: "நாங்க அச்சடிக்கிறவங்க சார். வர்றதை அடிப்போம்."

கணினிப் பிரிவு சொன்னது: "நாங்க இடம் குடுக்குறவங்க. உள்ள யாரு குடியிருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அளவீட்டுப் பிரிவு சொன்னது: "எங்க ஆளுங்க மீட்டரைப் பாக்குறாங்க. ஆளைப் பாக்குறதில்லை."

வால்வுப் பிரிவின் தலைவர், எல்லோரும் அடைப்பு ஐயா என்று அழைக்கும் பெரியவர், "பணம் கட்டலைன்னா மூடுவோம். பேரு எங்க வேலையில்லை" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் வந்தாச்சு, மாப்பிள்ளையைத்தான் காணோம்" என்றார் தலைமைப் பொறியாளர். யாரும் சிரிக்கவில்லை. அவர் திருத்தக்கா பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஆயிரத்தை விடுங்க. ஒரு இணைப்பை எடுத்துக்குங்க. அது எங்கெங்க போகுது, யார் கை படுது, எங்க தப்பு உள்ள நுழையுதுன்னு கூடவே நடந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

எந்த இணைப்பை எடுப்பது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பில் அச்சகத்துக்குப் போனாள். கணினி அறைக்குப் போனாள். கடைசியில், பின்கட்டில் அளவீட்டுக்காரர்கள் சாப்பிடும் அறைக்குப் போனாள். அவள் தெருவின் மீட்டரைப் படிப்பவர் அங்கே தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயிலோ மழையோ குடையோடு திரிவதால் அவர் பெயர் குடையண்ணன். அவள் வீட்டில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்காமல் போனதில்லை. "உங்க தண்ணிதான், உங்களுக்கே" என்று சொல்லி அவள் கணவர் கொடுப்பார்.

"அண்ணே, உங்க கைக்கருவியைக் கொஞ்சம் காட்டுறீங்களா? எங்க வீட்டு எண்ணைப் போடுங்க."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "எதுக்குத் தங்கச்சி?"

"அவர் பேரு ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு பாக்கத்தான்."

குடையண்ணன் டிபன் பாக்ஸை மூடினார். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். குடையின் கைப்பிடியைத் திருகினார்.

"நான்தான் போட்டேன்."

"என்னது?"

"'இறந்துட்டார்'னு குறி வரும். நான் எடுத்துடுறேன். மூணு தடவையும் நான்தான்."

அவர் கைக்கருவியைக் காட்டினார். மீட்டர் எண்ணைப் போட்டதும் திரை ஒரு கேள்வி கேட்டது: பெயர் சரியா? கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

"இறந்துட்டாருன்னு குறி வந்ததும் இங்க சிவப்பு விழும். 'இல்லை'ன்னு அமுக்கினா தொண்ணூறு நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அதுக்குள்ள வேற பேரு வரலைன்னா அடைப்பு ஐயா ஆளுங்க வந்து வால்வை மூடிடுவாங்க. வாரிசுப் பேப்பர் தொண்ணூறு நாள்ல யாருக்குக் கெடைக்குது? உனக்குக் கெடைச்சுதா? வீட்ல வயசானவங்க வேற. அதான் 'ஆம்'னு அமுக்கிட்டேன்."

"இப்படி ஒரு விதி இருக்குன்னு எங்க பிரிவுக்குத் தெரியவே தெரியாதே."

"குறி உங்க பிரிவுலேருந்து வருதுன்னு எங்களுக்கு மட்டும் தெரியுமா? மேல யாரோ வேலை மெனக்கெட்டு மூட வைக்கிறாங்கன்னு நெனைச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் வீடு மட்டும் இல்லை. என் ரூட்ல முப்பத்தோரு பேரு. எல்லாரையும் நான்தான் உசுரோட வெச்சிருக்கேன். மத்த ரூட்லயும் இதேதான். நாங்க யாரும் பேசிக்கிறதில்லை, அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது முழுக்க அவர்மேல் இறங்கியது.

"நீங்க தண்ணியைக் காப்பாத்துனீங்கண்ணே. ஒவ்வொரு பில்லுக்கும் எங்க வீட்ல சாவு விழுது. அத்தை அவர் பேரைப் பாத்துட்டு பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்குறாங்க. நான் போய்ச் சொல்லணும், அவர் செத்துட்டாருன்னு. ஒவ்வொரு தடவையும் புதுசா. என் வாயால."

 போன தடவை அந்தத் தெருவுக்குப் போனபோது குடையண்ணன் கிழவியை அந்தப் பெஞ்சில் பார்த்து, "என்னம்மா, காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

தலைமைப் பொறியாளரிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். பெயர் மட்டும் சொல்லவில்லை.

"யார் பண்ணது?"

"அது வேணாம் மேடம். யாருன்னு கேட்டீங்கன்னா நாளையிலேருந்து ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஏன் பண்ணாங்கன்னு கேளுங்க. உண்மையைச் சொன்னா ஒரு வீட்டுக்குத் தண்ணி நின்னுடும்னா யாரு சொல்லுவா? நானே சொல்லியிருக்க மாட்டேன்."

தலைமைப் பொறியாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்ன பண்ணலாம்கிறீங்க?"

"மூணாவதா ஒரு பொத்தான் வேணும். 'இறந்துட்டார், வீட்டார் பயன்படுத்துறாங்க'ன்னு. அதை அமுக்கினா வால்வை மூடக் கூடாது. நாலாவதா 'தெரியாது'ன்னு ஒண்ணு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல விடலைன்னா டீ மாஸ்டர் நம்பரைத்தான் போடுவாங்க."

அடுத்த கூட்டத்தில் அடைப்பு ஐயா துள்ளினார். "பேரில்லாத இணைப்புக்கு யாருகிட்டம்மா பணம் கேக்குறது? நாளைக்கு எனக்குத்தான் மெமோ வரும்."

"இத்தனை நாளா செத்தவங்ககிட்டதான் கேட்டோம் ஐயா. ஒழுங்காக் கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க."

அதற்கு அடைப்பு ஐயாவே சிரித்துவிட்டார். மெமோ தன் பெயருக்கு வரும் என்று தலைமைப் பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகு சம்மதித்தார். பெயர்க் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி திரும்ப வந்தபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். திருத்தக்கா கையைத் தூக்கினாள். இனி யார் பெயரை யார் மாற்றினாலும் அது அவள் பார்வைக்கு வரும். பெயர் பற்றி வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் அவள் கையெழுத்து இருக்கும். கேட்க ஒரு ஆள், திட்டவும் அதே ஆள்.

பழைய பிழைக்கு யார்மீதும் நடவடிக்கை இல்லை, வந்து சொன்னால் போதும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. நடவடிக்கை இல்லை என்று சொல்லித்தான் நடவடிக்கை எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் அனுபவம். எட்டாம் நாள் முற்பகல் குடையண்ணன் வந்தார். குடையை மேசையில் சாய்த்துவிட்டு, சாப்பாட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்த மற்றவர்கள் காதிலும் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே தொடங்கினார். தாள் எதுவும் கொண்டு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்து போகிற மாதிரி சொன்னார்.

"மூணாவது சந்து, பச்சை கேட். அந்தம்மா போயி நாலு வருஷம். பசங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது, அதான் பேரு மாறலை. அடுத்தது மாடி வீடு. வாத்தியாரு. நான் போனா இன்னும் அவரு நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவாங்க. முக்கு வீடு, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும். இப்ப வாடகைக்கு ஒரு சின்னக் குடும்பம் இருக்கு. யாரு பேர்ல தண்ணி குடிக்கிறோம்னே அதுங்களுக்குத் தெரியாது..."

அவர் சொல்லச் சொல்ல அவள் திரையில் குறித்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருடம் கணக்கில் உயிரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் மூச்சு முட்டியது. முப்பதாவது வீட்டைச் சொல்லிவிட்டு குடையண்ணன் கண்ணைத் திறந்தார்.

"அப்புறம்... உன் வீடு."

"சொல்லுங்கண்ணே. மத்தவங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"நாலாவது குறுக்குத் தெரு. வாசல்ல கறிவேப்பிலை மரம். சொம்பு நெறையத் தண்ணி குடுப்பாரு. போயி ரெண்டரை வருஷம்." அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டார் பயன்படுத்துறாங்க."

அவள் குறித்தாள். இந்த முறை விரல் நிற்கவில்லை.

மறுநாள் காலை அவள் மேசைக்கு முன்னால் அளவீட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் சொன்ன இறந்தவர்கள் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பேர். பின்னாளில் வேறு ஊர் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து, எந்த மென்பொருள் வாங்கி இதைச் சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். மென்பொருள் பழையதுதான். அவள் குடையண்ணனைக் கூப்பிட்டுக் கைக்கருவியின் மூன்றாவது பொத்தானைக் காட்டச் சொல்வாள். அவ்வளவுதானா என்று அவர்கள் முகம் விழும். இதை அமுக்கினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று உங்கள் ஆட்கள் நம்புவார்களா, அதைப் பாருங்கள் என்று அவள் சொல்லி அனுப்புவாள். நம்ப வைத்த அலுவலகங்களில் அது நடந்தது. பொத்தானை மட்டும் நகலெடுத்துப் போன இடங்களில் நடக்கவில்லை.

அக்டோபர் பில்லை எல்லோருக்குமே நிறுத்தி வைத்தார்கள். பெயர் நீக்கப்பட்ட வீடுகளுக்கு ஒரு தகவல் கடிதம் போக வேண்டும். கணினிப் பிரிவுக்காரன் எழுதிக்கொண்டு வந்ததில், இறந்தவரையே விளித்து, 'இதுவரை எங்களுடன் இணைந்திருந்தமைக்கு நன்றி' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு அவளே எழுதினாள். மூன்று நாள் ஆனது. வாசகத்தைப் படித்த தலைமைப் பொறியாளர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்து வெச்சுடவா? நீங்க கையில கொண்டு போயிடலாம். இல்லைன்னா வேண்டாம்னே விட்டுடலாம். அம்மா இருக்கிற நிலைமையில..."

அவளுக்கு ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இந்தக் கடிதத்தோடு மாமியார் பெஞ்சுக்குப் போனால் அதற்கு மேல் செய்ய ஒன்றும் பாக்கியில்லை.

"வேணாம் மேடம். ஒரு வீட்டுக்குன்னு எடுத்து வெச்சா குடையண்ணன் செஞ்சதும் அதுதானே? எல்லாத்தோடயும் போகட்டும்."

ஒரு புதன்கிழமை பகலில் தையல்காரம்மா போன் செய்தாள்.

"அக்கா, தபால் வந்திருக்கு. வாங்கிட்டாங்க."

"பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாங்களா?"

"செருப்பு போட்டுட்டாங்க. ஆனா போகலை. படியிலேயே உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்காங்க. ரொம்ப நேரமாப் படிக்கிறாங்கக்கா."

திருத்தக்கா வந்தபோது மாமியார் வாசல்படியில் இருந்தார். காலில் செருப்பு. பக்கத்தில் பிஸ்கட் டின் திறந்திருந்தது. கையில் அவள் எழுதிய கடிதம்:

'வீட்டாருக்கு. இந்தத் தண்ணீர் இணைப்பு உங்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவரின் பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார் என்பதைத் தாமதமாகப் பதிவு செய்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம். இனி அவர் பெயருக்கு எங்களிடமிருந்து கடிதம் வராது. தண்ணீர் தொடர்ந்து வரும்.'

மாமியார் நிமிரவில்லை. கடிதத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா அத்தை."

"ஆபீஸ் முத்திரை?"

"எங்க ஆபீஸ்தான்."

"நீ பஸ் ஸ்டாப்புக்கு வந்து வந்து சொல்லுவ. அப்ப அழுதுடுவேன். அப்புறம் நம்ப மாட்டேன். பொண்ணு ஏதோ மனசு கலங்கிப் பேசுதுன்னு நெனைச்சுக்குவேன். உன்னைப் பாத்துத்தான் எனக்குக் கவலையா இருந்துச்சு." அவர் கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தார். "இப்ப கையெழுத்துப் போட்டுல்ல சொல்லியிருக்க."

அழுவார் என்று திருத்தக்கா காத்திருந்தாள். மாமியார் அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பேனா குடும்மா" என்றார்.

டின்னிலிருந்த பழைய உறைகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, மகன் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எழுதினார்: 'பெறுநர் காலமானார். அனுப்பியவருக்கே திருப்புக.'  எழுத்து பழையபடி அச்சை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு உறைகளையும் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு மருமகள் கையில் கொடுத்தார்.

"உன் ஆபீஸ்ல சேத்துடு. இத்தனை நாளு தப்பா எடுத்து வெச்சிருந்தேன். அந்த வாரிசுப் பேப்பர் எங்க? அதையும் கொண்டா."

எந்தக் கடிதத்தையும் மறந்துவிடக்கூடியவர்தான். அதனால் மடித்த கடிதத்தை விரித்து, தையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய ஊசியால் வாசல் கதவின் உட்பக்கம், செருப்புக்கு நேர் மேலே, குத்தி வைக்கச் சொன்னார். அதன் பிறகும் சில மாலைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போவார். அங்கே நின்று படிப்பார். படித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, "வராதுன்னு போட்டிருக்கு" என்பார். திருத்தக்காவும் சில காலைகளில், அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், அதே இடத்தில் ஒரு நிமிடம் நிற்பாள்.

திருப்பி அனுப்பப்பட்ட பன்னிரண்டு உறைகளும் அலுவலகத்தில் பெறப்பட்டு, தேதியும் தொகையும் குறிக்கப்பட்டு, பெயர்க் கட்டத்துக்குப் பொறுப்பானவரின் அலமாரியில் முதல் கோப்பாக இருக்கின்றன. பதின்மூன்றாவது அங்கே இல்லை. அது கதவில் இருக்கிறது. அதில் தொகை ஏதும் இல்லை. அது வந்து சேர்ந்த தேதி 14-11-2018.